நெட் வரலைங்க: ஆபீஸ் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பனியன் கம்பெனி, நூல் கடை, தறிக் குடோன் என்று சுற்றி நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். காலையில் ஆபீஸ் திறந்ததும் வருகிற முதல் போன் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "ஏனுங்க, நெட் வரலைங்க." அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒயர் கழன்றதும் இருக்கும், கடிகார பேட்டரி தீர்ந்ததும் இருக்கும். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் நம் காம்பவுண்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் திட்டு வாங்குவது எப்போதும் நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்தான்.

போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

நெட் வரவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

உள்ளேயிருந்து வெளியே போங்கள். கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நம் வீட்டுக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான்.

முதலில் ஒயர். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒயர் சொருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், ஒயரைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்த ஒயர்தான் பெருக்குகிற துடைப்பம் பட்டாலே கழன்றுகொள்ளும்.

விளக்கு எரிகிறதா, சரி. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'சிஎம்டி' என்று தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' கொடுங்கள். இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'ஐபிவி4 அட்ரஸ்' என்பது உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி, 'டீஃபால்ட் கேட்வே' என்பது ரூட்டரின் முகவரி. மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'டீடெயில்ஸ்' அழுத்தினால் இரண்டும் தெரியும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'ஐபி ஏ', அப்புறம் 'ஐபி ஆர்'.

இனி 'பிங்' கட்டளை. முதலில் பிங் என்று தட்டி, இடம் விட்டு, கேட்வே எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை பாதை நன்றாக இருக்கிறது. அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்குக் கொடுங்கள். அது கூகுள் நடத்துகிற பொதுச் சர்வர். அங்கிருந்தும் பதில் வந்தால் உங்கள் நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாவதாக ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயருக்கே பிங் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் 'ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில். அதைக் கீழே சொல்கிறேன்.

கேட்வேக்கே பதில் இல்லையா? நெட் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கோளாறு உங்கள் ஒயரில், உங்கள் ஸ்விட்சில் (எல்லா ஒயரும் வந்து சேர்கிற பெட்டி), இல்லையென்றால் உங்கள் ரூட்டரில். கேட்வேக்குப் பதில் வந்து 8.8.8.8க்கு வரவில்லை என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். "கேட்வே வரைக்கும் பிங் போகுது, வெளியே போகலைங்க" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள், மறுமுனையில் பேசுபவரின் தொனியே மாறும்.

மேக்கிலும் லினக்ஸிலும் பிங் தானாக நிற்காது. கன்ட்ரோலும் சி எழுத்தும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். இந்த நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்குமே, அந்தச் சத்தத்தைத்தான் பெயராக வைத்தார்.

என் கம்ப்யூட்டர் 192.168.1.25. பக்கத்து கம்பெனியிலும் அதே எண் இருக்கிறதாம். மோதிக்கொள்ளாதா?

மோதாது. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, இந்த மூன்று வரிசையையும் 1996இல் வந்த ஒரு விதி உள் உபயோகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். பல்லடத்தில் ஒரு தெருவில் பத்து வீட்டில் 'கண்ணு' என்று கூப்பிட்டால் அந்தந்த வீட்டுப் பிள்ளைதானே திரும்பிப் பார்க்கும்.

அப்படியானால் வெளியே எப்படிப் போகிறது? அங்கேதான் ரூட்டர் வருகிறது. பனியன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நோட்டு வைத்திருப்பாரே, எந்தச் செக்‌ஷனிலிருந்து யார் வெளியே போனார், திரும்பி வந்தால் எங்கே அனுப்புவது என்று எழுதி வைப்பாரே, அதே வேலை. உள்ளேயிருந்து போகிற எல்லாவற்றுக்கும் கம்பெனியின் ஒரே வெளி முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரிய கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். இதற்கு 'நாட்' என்று பெயர். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். இந்த நாட் ஏற்பாடு இல்லாவிட்டால் நமக்கெல்லாம் எண்ணே கிடைத்திருக்காது.

சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருக்கிறதே, அது எதற்கு?

லேண்ட்லைன் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பூருக்கு 0421, கோயம்புத்தூருக்கு 0422, ஈரோட்டுக்கு 0424. உள்ளூருக்குள் பேச எஸ்டிடி கோடு வேண்டாம், வெளியூர் என்றால் வேண்டும். ஐபி முகவரியில் எந்தப் பகுதி எஸ்டிடி கோடு, எந்தப் பகுதி வீட்டு எண் என்று பிரித்துக் காட்டுவதுதான் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் கோடு, கடைசி எண் வீடு. ஆக 192.168.1.25க்கு 192.168.1.40 உள்ளூர், நேராகப் பேசும். 192.168.0.40 வெளியூர், கேட்வே வழியாகத்தான் போகும். இந்த மாஸ்க்கில் 254 கருவிகள் வரை வைக்கலாம்.

கையால் முகவரி போடும்போது 1க்குப் பதில் 0 என்று தட்டிவிட்டு, "பக்கத்து டேபிள் பிரிண்டர்கூட தெரியலைங்க" என்று கூப்பிடுவது வாரம் ஒரு முறையாவது நடக்கும்.

எனக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கிறது. யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை, அதுதான் பிரச்சினை. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் சேர்ந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். டிஹெச்சிபி என்ற முறையில் ரூட்டர் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பதிலே வராவிட்டால் தனக்குத் தானே 169.254 வரிசையில் ஒன்றை வைத்துக்கொள்ளும். அதை வைத்து வெளியே போக முடியாது. ரூட்டர் அணைந்திருக்கலாம், ஸ்விட்சுக்கு வருகிற ஒயர் அறுந்திருக்கலாம், ரூட்டரிடம் கொடுப்பதற்கு எண் தீர்ந்திருக்கலாம். சரிசெய்த பின் 'ஐபிகான்ஃபிக் /ரின்யூ' கொடுங்கள், அல்லது ஒயரைக் கழற்றிச் சொருகுங்கள்.

மேலே வைஃபை கிடைக்கவில்லை என்று இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டினோம். அன்றிலிருந்து பாதிப் பேருக்கு நெட் வருகிறது, பாதிப் பேருக்கு இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என்னை அதிகம் அலைக்கழித்த கோளாறு இதுதான்.

ஒரு பனியன் கம்பெனி. கீழே கட்டிங், நடுவில் தையல், மேலே பேக்கிங். மாரியம்மன் நோம்பிக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், மேல்மாடியில் சிக்னல் வரட்டும் என்று நல்ல மனதோடு ஒரு ரூட்டரை வாங்கிவந்து, ஆபீஸ் ஒயரை அதன் மஞ்சள் ஓட்டையில் சொருகிவிட்டுப் போய்விட்டான். அன்று எல்லாம் நன்றாக ஓடியது. திங்கட்கிழமை காலை ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஆன் செய்யச் செய்ய, ஒன்றில் நெட் வந்தது, அடுத்ததில் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்தது போய்விட்டது, வராதது வந்தது. அக்கவுண்ட்ஸ் அம்மிணி "செய்வினைதானுங்க" என்றே சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். அந்த மஞ்சள் ஓட்டைகள் லேன் பக்கம், அதாவது ஆபீஸின் உள் நெட்வொர்க் பக்கம். அதில் சொருகினால் இரண்டு ரூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் உட்கார்ந்துகொள்கின்றன. கம்ப்யூட்டர் "முகவரி கொடுங்கள்" என்று கேட்கும்போது இரண்டும் கை நீட்டும். யார் முந்திக்கொள்கிறாரோ அவரிடம்தான் வாங்கிக்கொள்ளும். பழைய ரூட்டரிடம் வாங்கியவருக்குச் சரியான கேட்வே கிடைத்தது. புது ரூட்டரிடம் வாங்கியவருக்கு "வெளியே போக என்னிடம் வா" என்று அதுவே பதில் சொன்னது. ஆனால் அதற்கு வெளியே போகிற வழி எதுவும் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது, தெரிந்த பிறகு. நெட் வருகிற கம்ப்யூட்டரிலும் வராத கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக் பாருங்கள். கேட்வே எண் வேறுவேறாக இருந்தால் வீட்டில் இரண்டு மாமியார் இருக்கிறார்கள். இரண்டு ரூட்டருமே 192.168.1.1 என்றால் இன்னும் மோசம்: எண் ஒன்றாகவே தெரியும், ஆள் வேறாக இருக்கும். அப்போது 'ஏஆர்பி -ஏ' கொடுத்து, அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் மேக் முகவரியை (கருவியிலேயே பதித்து வருகிற எண், கீழே சொல்கிறேன்) இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தீர்வு: புது ரூட்டரைத் தனியாக ஒரு லேப்டாப்பில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்பது போல யாருக்கும் போகாத எண்ணாக மாற்றுங்கள். டிஹெச்சிபியை அணையுங்கள். அப்புறம் லேன் ஓட்டையிலேயே சொருகுங்கள். இனி அது ரூட்டர் இல்லை, வெறும் வைஃபை கொடுக்கிற பெட்டி. பல ரூட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு மோடே இருக்கும். அதைத் தேர்ந்தால் இந்த வேலையை அதுவே செய்துகொள்ளும். வேறு நிறத்தில் தனியாக இருக்கிற வேன் (வெளி இணைப்பு) ஓட்டையில் சொருகினாலும் நெட் வரும். ஆனால் மேல்மாடிக்காரர்கள் தனி நெட்வொர்க் ஆகிவிடுவார்கள், கீழே இருக்கிற பிரிண்டர் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

நேற்று பிரிண்ட் ஆன பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்கிறது. யாரும் எதையும் தொடவில்லை.

தொடவில்லை, நம்புகிறேன். டிஹெச்சிபி கொடுக்கிற முகவரி குத்தகைதான். சொந்தக் கிரயம் இல்லை. கரண்ட் போய் வந்ததும் பிரிண்டருக்கு வேறு எண் விழுந்திருக்கும். கம்ப்யூட்டரோ பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரின் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரிண்டரின் மேக் முகவரியைப் போட்டு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். சிசிடிவி பெட்டி, கைரேகை வருகைப் பதிவு மெஷின், எல்லோரும் டேட்டா எடுக்கிற மெயின் கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கும் இதையே செய்யலாம்.

மேக் முகவரி என்பது கருவியிலேயே பதித்து வருகிற 48 பிட் எண். முதல் பாதி தயாரித்த கம்பெனியைச் சொல்லும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.

டிஎன்எஸ் என்றால் என்ன? அதை 8.8.8.8 என்று மாற்றினால் ஸ்பீடு கூடுமா?

கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்கிற டெலிபோன் டைரக்டரிதான் டிஎன்எஸ். ஆதியில் நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர் பெயரும் ஒரே ஃபைலில் இருந்தது; எல்லோரும் அதைப் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் இந்த டிஎன்எஸ் அமைப்பை வடிவமைத்தார். அந்தப் பழைய ஃபைலின் மிச்சம் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமே உண்டு.

ஸ்பீடு கேள்விக்கு வருவோம். டைரக்டரி மாற்றினால் நம்பர் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கலாம். பேசுகிற வேகம் மாறாது. பெரிய ஃபைல் இறங்குகிற வேகத்தில் வித்தியாசம் இருக்காது. ஆனால் கம்பெனிக்காரரின் டிஎன்எஸ் படுத்துவிட்டால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டு அன்றைய வேலையை ஓட்டிவிடலாம். ஒரு வெப்சைட் மட்டும் சர்வர் மாறிய பின் உங்களுக்குத் திறக்கவில்லை என்றால் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' கொடுத்து, கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கிற பழைய எண்ணை அழியுங்கள்.

போர்ட் நம்பர் என்கிறார்களே, ஐபி முகவரி போதாதா?

கோயம்புத்தூருக்கு வந்தாகிவிட்டது. பொள்ளாச்சி பஸ் எங்கே? உக்கடம். மதுரை பஸ்? சிங்காநல்லூர். ஈரோடு, சேலம்? காந்திபுரம். ஊர் ஒன்றுதான், போகிற காரியத்துக்கு ஏற்ப பஸ் ஸ்டாண்ட் வேறு. ஐபி முகவரி ஊர், போர்ட் பஸ் ஸ்டாண்ட்.

சாதாரண வெப் 80, பூட்டுப் போட்ட வெப் 443, டிஎன்எஸ் 53, மெயில் அனுப்ப 587, விண்டோஸ் ஃபோல்டர் பகிர 445, பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டருக்கு 9100, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் 3389. மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃபயர்வால் என்பது இந்த பஸ் ஸ்டாண்டுகளில் எதைத் திறந்து வைப்பது, எதை மூடுவது என்று பார்க்கிற ஆள். "பிங் போகுது, ஆனா பிரிண்ட் ஆகலை" என்றால் ஊர் சரி, ஸ்டாண்ட் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

டிசிபி, யுடிபி வித்தியாசம்?

இரண்டுமே நெட்வொர்க்கில் டேட்டா அனுப்புகிற முறைகள். டிசிபி, லாரி ஆபீஸில் எல்.ஆர். ரசீது போட்டு அனுப்புகிற சரக்கு. ஒவ்வொரு பண்டலுக்கும் எண் உண்டு. போய்ச் சேர்ந்ததா என்று மறுமுனை கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது பண்டல் வரவில்லை என்றால் அதை மட்டும் மறுபடி அனுப்பும். வெப், மெயில், ஃபைல் பகிர்வு எல்லாம் பெரும்பாலும் இதில்தான்.

யுடிபி, பஸ் ஸ்டாண்டு மைக். அறிவிப்பு வந்தது, கேட்டவர் கேட்டார். ஒரு வார்த்தை காதில் விழாவிட்டால் திரும்பச் சொல்ல மாட்டார்கள். வீடியோ காலுக்கு இதுதான் ஏற்றது. அரை நொடிக்கு முன் பேசிய எழுத்து இப்போது வந்து என்ன பயன்?

இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அமெரிக்க ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று மொத்தமாக டிசிபி/ஐபிக்கு மாறியது. உங்கள் கல்லாப்பெட்டி கம்ப்யூட்டர் இன்றும் அடிப்படையில் அதே பேச்சைத்தான் பேசுகிறது.

எல்லா வெப்சைட்டும் 'பாதுகாப்பு இல்லை' என்று மிரட்டுகிறது. வைரஸா?

எல்லாமே மிரட்டினால், திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஒரு நூல் கடையில் இ-வே பில் போட முடியாமல் லாரி வாசலில் நிற்க, ஓனர் கோபத்தில் நிற்க, நான் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் ஒரு ஜனவரி 1இல் வாழ்ந்துகொண்டிருந்தது.

எச்டிடிபிஎஸ் (பூட்டுப் போட்ட) வெப்சைட் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கில் அந்தத் தேதியே இன்னும் பிறக்கவில்லை என்றால் நம்ப மறுக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பேட்டரியை மாற்றிவிட்டு, தேதி செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். என்டிபி என்ற முறையில் நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

பூட்டுச் சின்னம் பற்றியும் ஒன்று. நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது ஜாமீன் இல்லை. திருட்டு வெப்சைட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. முகவரியில் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு பேங்க் பாஸ்வேர்டு போடுங்கள்.

'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று விண்டோஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற ஒரு வெப் முகவரியிலிருந்து சின்ன எழுத்து ஃபைல் ஒன்றை எடுத்துப் பார்க்கும். அதில் இருக்க வேண்டிய வாசகம் அப்படியே இருந்தால் நெட் உண்டு என்று முடிவு கட்டும். இல்லாவிட்டால் இந்தச் செய்தி. சில சமயம் அந்தச் சோதனை மட்டும் தடைபட்டு, நெட் நன்றாக ஓடும். செய்தியை நம்பாதீர்கள், பிங் போட்டுப் பாருங்கள்.

ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இன்னொன்றில் திறக்க முடியவில்லை. பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வரிசையாகப் பாருங்கள். ஃபோல்டர் இருக்கிற கம்ப்யூட்டரில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் விண்டோஸ் தன்னை மறைத்துக்கொள்ளும். உங்கள் சொந்த ஆபீஸ்தானே, 'பிரைவேட்' ஆக்குங்கள். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் மட்டும் பப்ளிக் இருக்கட்டும்.

அடுத்தது, பின் நம்பர். தினமும் காலையில் நாலு எண் தட்டி உள்ளே போகிறீர்களே, அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாகக் கேட்கும்போது அக்கவுண்டின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். பலருக்கு அது மறந்தே போயிருக்கும். நான் செய்வது: பகிர்வதற்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டருக்கு அந்த யூசரை மட்டும் அனுமதிப்பேன்.

"அப்டேட் ஆனதிலிருந்து பாஸ்வேர்டு இல்லாத பழைய பெட்டி திறக்கலைங்க" என்றால் அதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 11 புரோவின் 2024 பதிப்பிலிருந்து, பகிர்வுக்கான எஸ்எம்பி முறையில் ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்துக் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாக உள்ளே நுழைவதும் முன்னிருப்பாக அடைக்கப்பட்டிருக்கிறது. அடைத்ததைத் திறக்க வழி இருக்கிறது. ஆனால் பழைய பெட்டிக்கு ஒரு பாஸ்வேர்டு வைப்பதுதான் சரியான வழி. முதல் தலைமுறை எஸ்எம்பி1ஐ மட்டும் யார் சொன்னாலும் ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாகப் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். நம் ஊரில் லேபிள் பிரிண்டருக்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களை நெட்டிலிருந்து பிரித்தே வையுங்கள்.

மேக்கிலிருந்து திறக்க, ஃபைண்டரில் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' போய், எஸ்எம்பி என்று தொடங்கும் முகவரியைக் கொடுங்கள். லினக்ஸில் ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையிலேயே அதைப் போடலாம்.

100 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் டவுன்லோடு 11தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பிளானில் இருப்பது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, வழிச் செலவு போக 11 என்பது நல்ல கணக்குதான்.

300 பிளான் வாங்கியும் 11ஐத் தாண்டவில்லை என்றால் அது வேறு. ஒயருக்குள் எட்டுக் கம்பி உண்டு. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100க்கு நான்கே போதும். ஒரு கம்பி அறுந்தாலும், சரியாக கிரிம்ப் ஆகாவிட்டாலும், இரண்டு முனையும் பேசி 100க்கு இறங்கிவிடும். வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகமே வராது. எலி கடித்த ஒயரை மாற்றியதும் வேகம் மூன்று மடங்கான ஆபீஸை நான் பார்த்திருக்கிறேன்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் நேர்மாறு. தகர ஷெட்டுக்குள், இரும்பு மெஷின்களுக்கு நடுவே இரண்டுமே திணறும். அங்கே ஒயர் இழுப்பதுதான் நல்லது.

ஆபீஸிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடோனுக்கு லேன் ஒயர் இழுக்கலாமா?

100 மீட்டர்தான் எல்லை. அதற்குள் இருந்தாலும் இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செம்பு ஒயர் தொங்க விடாதீர்கள். சித்திரை இடி ஒன்று பக்கத்தில் விழுந்தால் ஸ்விட்ச், ரூட்டர், கம்ப்யூட்டரின் லேன் போர்ட் எல்லாம் வரிசையாகப் போகும். ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும், ஃபைபரை லேன் ஒயரோடு சேர்க்கிற மீடியா கன்வெர்ட்டர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது.

பையர் அனுப்பிய மெயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது, போனில் இல்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாப்3 போட்டிருப்பீர்கள். அது தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற முறை. சர்வரில் ஒரு படி விட்டுவை என்று சொல்லாவிட்டால் அங்கே அழிந்துவிடும். ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், எல்லாக் கருவியும் அங்கே போய்ப் படிக்கும். ஐமேப்புக்கு மாறுங்கள். மாறும் முன் பழைய மெயில்களைப் பேக்கப் எடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு ஒரு முறை நான் பட்ட பாடு போதும்.

வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்க, ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். திறந்திருக்கும் 3389ஐத் தேடி உலகம் முழுக்க நிரல்கள் இரவும் பகலும் கதவு தட்டிக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்டு வலுவாக இல்லாவிட்டால் ஒருநாள் எல்லா ஃபைலும் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் கடிதம் திரையில் நிற்கும். விபிஎன் (நெட்டுக்குள்ளேயே பூட்டுப் போட்ட தனிப் பாதை) போட்டு அதன் வழியாக வாருங்கள்.

திறந்தாலும் பல இடங்களில் வேலை செய்யாது என்பது இன்னொரு விஷயம். ரூட்டருக்குள் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்கள் கம்பெனிக்காரரே பல வாடிக்கையாளரை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். மேலே சொன்ன கேட் செக்யூரிட்டிக்கு மேல் இன்னொரு செக்யூரிட்டி. வெளியிலிருந்து வருகிற ஆள் முதல் கேட்டிலேயே நின்றுவிடுவார். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியாமல் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம். 'ஸ்டேடிக் ஐபி', அதாவது உங்களுக்கே உங்களுக்கான மாறாத வெளி முகவரி, தனியாகப் பணம் கட்டி வாங்கலாம்.

ஐபிவி6ஐ அணைத்துவிட்டால் நெட் வேகமாகுமாமே?

ஆகாது. ஐபிவி6 என்பது ஐபிவி4க்கு அடுத்து வந்த 128 பிட் முகவரி முறை. எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் போன் இந்நேரம் பெரும்பாலும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கிறபடியே விடுங்கள்.

ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னுகிறது, யாருக்குமே நெட் இல்லை.

டேபிளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒரே ஒயரின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில் சொருகியிருக்கும். சுத்தம் செய்யும்போது தரையில் கிடந்த முனையைப் பார்த்து, "கழன்று கிடக்கிறதே" என்று யாரோ அக்கறையாகச் சொருகியிருப்பார்கள். எல்லோருக்கும் என்று அனுப்பப்படுகிற செய்தி அந்த வளையத்துக்குள் புகுந்து, பிரதி பிரதியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற எதற்கும் இடம் இருக்காது. சாதாரண மலிவு ஸ்விட்சுகளில் பலவற்றுக்கு இதைத் தடுக்கத் தெரியாது. ஒரு முனையை உருவுங்கள், சில நொடியில் அடங்கிவிடும். உருவிய ஒயரைத் தரையில் விடாமல் சுருட்டி அலமாரியில் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆயுத பூஜைக்கு டேபிள் துடைக்கும்போது மறுபடி எனக்குப் போன் வரும்.